சந்தனம் வைத்த மூன்று சிடிகள்

டீச்சர்,

கூடலூர்ப் பக்கம் என் மருமகன் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். பழம் நிறம் மாறுகிற நேரத்தில் குருவி வராமலிருக்க, பந்தலில் பழைய சிடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். போன வாரம் போயிருந்தேன். வெயில் பட்டு ஒரு சிடி என் முகத்தில் பளிச்சென்று அடித்தது. குருவி பயந்ததோ என்னவோ, நான் பயந்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்ன மாமா, கிறுகிறுன்னு வருதா?" என்று ஓடி வந்தான். வெயில் என்று சொல்லி வைத்தேன். வெயில் இல்லை டீச்சர். உங்கள் ஞாபகம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை அடித்துத் தருகிறவர் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற அம்மா. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. நீங்கள் இருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுனாமி வந்த வருஷம், அதற்கு முந்தின சரஸ்வதி பூஜை. நம் பள்ளிக்கூடத்தில் நீங்கள் தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சர், நான் பியூன். அந்த அறைச் சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் மதுரையிலிருந்து ஓர் ஆள் வந்தார். நம் பத்துக் கம்ப்யூட்டர் பெட்டியிலும் கடிதம் அடிக்கிற, கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் எல்லாம் திருட்டுக் காப்பி, கேஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிச் செயலாளர் ஐயாவுக்கு வேர்த்துவிட்டது. "ரூமைப் பூட்டிருவோம். போலீசு வந்துச்சுன்னா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது" என்றார்.

நீங்கள்தான் தடுத்தீர்கள். "பூட்ட வேணாம் சார். அதே வேலையச் செய்யிற இன்னொண்ணு இருக்கு. ஓப்பன் சோர்ஸ்னு பேரு. யாரு வேணாலும் காப்பி எடுக்கலாம், யாருக்கு வேணாலும் குடுக்கலாம். எழுதுனவங்களே அப்படிச் சொல்லித்தான் குடுத்திருக்காக."

"எழுதுனவன் யாரு? எந்த ஊரு?"

"ஒரு ஆளில்ல சார். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேரு."

"அப்பக் கேசு வந்தா ஆயிரம் பேத்தையுமா பிடிப்பாக? நம்மளத்தாம்மா பிடிப்பாக!"

நான் வாசலில் நின்று சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார்.

கடைசியில் ஒரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் நாலு பேரும் ஒரு கல்லூரிப் பேராசிரியரும் வருவார்கள். அவர்கள் கண் முன்னால் நீங்கள் அதை ஏற்றிக் காட்ட வேண்டும். அதுவரை எந்தப் பெட்டியிலும் கைவைக்கக் கூடாது. சரியாக வராவிட்டால் அறைக்குப் பூட்டு, உங்களுக்கும் அந்த மாதத்தோடு வேலை இல்லை.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அந்த ஓப்பன் சோர்ஸ் சிடியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஒருமுறை கூடலூருக்கு நானும் வந்தேன். அந்தத் தலைமையாசிரியர் மேஜைமேல் தேள் கிடப்பதைப் போல அதைப் பார்த்தார். "உள்ள வைரஸ் கிரஸ் இருக்குமா தாயி?" என்று கேட்டுவிட்டு, தொடப் பயந்து டைரியால் தள்ளித்தள்ளிப் பைக்குள் போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பயப்படுறாக அண்ணே. பயம் போயிட்டா அவுகளே கேப்பாக" என்றீர்கள்.

பூஜை விடுமுறைக்கு நீங்கள் உங்கள் ஊர் கெங்குவார்பட்டிக்குப் போய்விட்டீர்கள். நான் அறையைக் கழுவி, பத்துப் பெட்டிக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அலமாரியில் கூட்டத்துக்கென்று நீங்கள் வைத்திருந்த மூன்று சிடிகள் இருந்தன. அவற்றை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் உங்கள் கையெழுத்து, மறுபக்கம் வெறும் கண்ணாடி. எழுத்தின்மேல் பொட்டு வைக்கலாமா? எழுத்துதானே சரஸ்வதி. அதனால் கண்ணாடிப் பக்கத்தில் பட்டையாகச் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, உறையில் போட்டு பூஜையில் வைத்தேன்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை கூட்டம். சிடிகளை எடுத்து வைக்கும்போது டைப்பிஸ்ட் ராசாத்தி பார்த்துவிட்டாள். "ஐயையோ, என்னண்ணே இது! எல்லாம் அந்தப் பளபளப்புலதான இருக்கு. அங்கன எழுதியிருக்கது வெறும் பேருதாண்ணே!"

நீங்கள் வரக் கால்மணி நேரம்தான் இருந்தது. பூஜைத் தட்டில் கிடந்த விபூதியை அள்ளி, பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல மூன்றையும் அழுத்தித் தேய்த்தேன். முன்னைவிடப் பளபளப்பாகிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. உறைக்குள் போட்டு வைத்துவிட்டு, "வாயத் தொறந்துராத ஆத்தா" என்று ராசாத்தியைக் கும்பிட்டேன்.

முதல் சிடியைப் பெட்டி விழுங்கியது. முனகியது. துப்பியது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும்.

"ஓசிச் சாமானோட லட்சணத்தப் பாத்தீகளா?" என்று செயலாளர் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் சிடியை வெளிச்சத்தில் பிடித்தீர்கள். பளபளப்பு முழுக்க ஒரே கீறல். பிறகு மூக்கருகே கொண்டுபோனீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் டீத்தட்டோடு நின்றிருந்தேன். டம்ளர்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"லீவுல ரூமத் தொறந்தது யாரு? இவனா?" என்று செயலாளர் என்னைக் கைகாட்டினார்.

"சாவி என்கிட்டத்தான் இருந்துச்சு சார். நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றீர்கள் நீங்கள்.

அந்த நிமிஷமும் சாவி என் இடுப்பில்தான் இருந்தது, டீச்சர்.

கூடலூர்த் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். பைக்குள் கையை விட்டு, டைரிக்கு அடியில் உறையோடு கிடந்த சிடியை எடுத்தார். "இந்தாம்மா, அன்னைக்கு நீ குடுத்தது. பயந்துக்கிட்டு இன்னும் பிரிக்கவே இல்ல" என்று நீட்டினார். அதைப் பெட்டி ஏற்றுக்கொண்டது. பேராசிரியர் தாமே உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்து, எடுத்துப் படித்தார். கிளம்பும்போது நாலு தலைமையாசிரியர்களும் ஆளுக்கொரு காப்பி கேட்டார்கள். அறை பூட்டப்படவில்லை.

ஆனால் செயலாளர் உங்களுக்கு ஒரு மெமோ கொடுத்தார். பள்ளிச் சாமானைக் கவனக்குறைவாகக் கெடுத்தீர்கள் என்று. நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தீர்கள். "அடுத்த பூசைக்குப் பொட்டு வைக்கிறதப் பெட்டியோட நிறுத்திக்கங்க அண்ணே" என்றீர்கள்.

இரண்டு வருஷம் கழித்து நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். உங்கள் ஃபைலைப் புரட்டிய கமிட்டி அந்த மெமோவில் வந்து நின்றது. நான் அதே வாசலில் நின்றிருந்தேன். "நாந்தான்யா செஞ்சேன்" என்று உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதுதான். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. வேலை போய்விடும், பென்ஷன் போய்விடும் என்று வாசலைத் தாண்டாமலே நின்றுவிட்டேன். வேலை வேறொருவருக்குப் போனது. நீங்கள் குமுளியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜீப் ஏறினீர்கள். பையைத் தூக்கிக் கொடுத்தவன் நான். "வாரேண்ணே, உடம்பப் பாத்துக்கங்க" என்றீர்கள். அன்று என்னைத் திட்டியிருந்தால் பிற்பாடு கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அந்த அறை இன்றும் இருக்கிறதாம். பிள்ளைகள் நீங்கள் ஏற்றியதிலேதான் படிக்கிறார்களாம். மெமோவும் அந்த ஃபைலில் அப்படியே இருக்கும்.

அதனால் இதில் இரண்டு காப்பி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை கெங்குவார்பட்டியில் உங்கள் கல்லறையில் வைப்பேன். இன்னொன்று பள்ளிக்கூடத்துக்கு. அந்த மெமோவோடு சேர்த்து வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சென்டர்க்கார அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டு, "பென்ஷன் கின்ஷன் நின்னுறப் போகுது தாத்தா, நல்லா யோசிச்சுக்கங்க" என்கிறார். நிற்குமா நிற்காதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் போலவே பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மேலே அடியுங்கள் என்றேன்.

அந்த மூன்று சிடிகளையும் கெடுத்தவன் நான். சாவி வைத்திருந்தவனும் நான்.

அடித்தவரை தாளில் எடுத்து, கைநாட்டு வைக்க அந்த அம்மா மை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டார்; இந்தக் கடைசி வரிகளை நான் சொல்ல அவரே பேனாவால் எழுதுகிறார். விரலை அவசரமாக எடுத்ததில் முதல் பெருவிரல் ரேகை இழுபட்டுவிட்டது. யாரும் இது என்னுடையதில்லை என்று சொல்லிவிடக் கூடாதென்று, பக்கத்திலேயே இன்னொன்று அழுத்தி வைத்திருக்கிறேன்.