சங்கு ஊதிய பதினோரு விநாடி

8 ஜூலை 2025, செவ்வாய்

அந்தப் பதினோரு விநாடி நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தெரியவில்லை. விசாரணைக்கு எழுதித் தர வேண்டிய தாளிலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நடந்ததை எழுதலாம். நேற்றுக் காலை விமானக் கட்டுப்பாட்டு அறையில், ரேடார் முன்னால் நான். நகரி மலைப் பக்கம், மேகத்துக்குள் ஒரு பயிற்சி விமானம். விமானி உயரமானியில் காற்றழுத்த எண்ணை 1003க்குப் பதில் 1013 என்று வைத்துவிட்டார். அதனால், தான் நினைத்த உயரத்தைவிட முந்நூறு அடி கீழே பறந்துகொண்டிருந்தார். எங்கள் அறையில் தாழ்ந்த உயரத்துக்கான எச்சரிக்கை ஒலித்தது. "உடனே உயரத்தைச் சரிபாருங்கள், அழுத்தம் 1003" என்று நான் சொன்னது பதினோரு விநாடி கழித்து.

மேலே ஏறிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

9, புதன்

கணவரிடம் சொன்னேன். "குக்கர் எட்டு விசில் உட்டாலும் நீ எழுந்துக்கமாட்டியே" என்றார். உண்மைதான்.

11, வெள்ளி

ரயிலில் பூபாலன். எங்கள் ஷிஃப்டின் மேற்பார்வையாளர், பள்ளிப்பட்டுக்காரர்.

"இன்னா மேடம், மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறீங்க? பிளேன் மலைல முட்டலதானே?"

"முட்டியிருந்தா?"

"முட்டலியே."

அவருக்கும் பயம்தான். வானம் தெளிவாக இருக்கும்போது பயிற்சி விமானங்கள் மலையைக் கண்ணால் பார்த்தபடியே தாழப் பறக்கும், அனுமதி உண்டு. அதற்கும் எச்சரிக்கை ஒலிக்கும். ஒரு நாளைக்கு முப்பது முறை, எல்லாம் பொய். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சங்கு. ஊதுகிற சங்கு ஊதட்டும் என்று எங்கள் வேலையைப் பார்ப்போம். புகார் ஒருவரும் எழுதியதில்லை. இது வெளியே வந்தால் போவது என் உரிமம் மட்டுமல்ல.

"வேற பைலட் பேசிகினு இருந்தாரு, லைன் கிடைக்கலன்னு எழுதிடுங்க."

ஒலிப்பதிவு இருக்கிறதே?

14, திங்கள்

விசாரணை. ஒலிப்பதிவைப் போட்டார்கள். ரேடியோவில் அமைதி. அறையின் மைக்கில் என் குரல், மிகத் தெளிவாக: "சங்குதான். ஊதட்டும்."

அதிகாரி நெல்லூர்க்காரர். சங்கு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் பூபாலன் முந்திக்கொண்டார். "கோயில் சங்கு சார். மேடம் திருத்தணி. ஆபத்துன்னா முருகனைத்தான் நினைப்பாங்க."

நான் அந்தக் கோயில் மலையேறிப் பத்து வருடம் ஆகிறது. அதிகாரி மரியாதையாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார். எனக்கு நாற்பத்தொன்பது வயது, எம்.எஸ்சி. இயற்பியல் — சாட்சிக்கு முருகன். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் பேசல? உரிமம் தப்பிச்சுதுன்னுதானே? அந்த பிளேன்ல ரெண்டு பேர் இருந்தாங்க. சே.

15, செவ்வாய்

சொன்னேன். சங்கு என்றது பக்தி அல்ல, பழக்கம் என்று, அதிகாரியிடம். ஒரு நாளைக்கு முப்பது முறை என்றும், யாரும் எழுதிக் கொடுத்ததில்லை என்றும்.

அதிகாரி தமிழில் பதில் சொன்னார். "தெரியும்மா. பதினாறு வருஷமா இந்தப் பக்கம்தானே இருக்கேன். நான் வேலை பார்த்த ரூம்ல அதுக்கு அத்தம்மான்னு பேரு. மாமியார். கத்திகினே இருக்கும், யாரும் காதுல வாங்கமாட்டோம்." பிறகு, "நேத்தே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

மூன்று மாதம் நான் ரேடார் முன் உட்காரக் கூடாது என்ற உத்தரவில் கையெழுத்திட்டார். பொய்ச் சங்கு ஊதாதபடி எச்சரிக்கை எல்லையைத் திருத்தி வரையச் சொல்லும் இன்னொரு தாளிலும்.

அதன்பின் பூபாலனை உள்ளே அழைத்தார்.