செம்பியின் நெஞ்சில் ஓர் ஓட்டை

ஜூன் 3, 2024
ஏரிக்கரையில் ஆள் ஏற்றிப் போகும் எங்கள் குதிரையோடு, அதன் குட்டி செம்பியையும் இன்று மேட்டில் நடத்திப் பார்த்தோம். தாய் நிற்காமல் ஏறியது. இரண்டரை வயதுச் செம்பி பாதியிலேயே நின்று மூச்சு வாங்கியது.

ஜூன் 7
நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரியில் ஸ்கேன். டாக்டர் கவிதா காதில் வைத்துக் கேட்கும் குழாயை என்னிடம் கொடுத்தார். தண்ணீர் பீய்ச்சுவது போல உஷ், உஷ் என்று ஒரு சத்தம். "பிறவியிலயே இதயத்துல ஓட்டைங்க. பெருசு. மேல ஆளை மட்டும் ஏத்திராதீங்க. ஓடும்போதே சாஞ்சிரும்."

ஜூன் 9
அடிவாரத்து மிளகு வியாபாரி ஜாபர் உசேன் பாய், மகள் தஹ்ஸீன் சவாரி பழகச் செம்பியை விலைக்குக் கேட்டிருந்தார். வீட்டுக்காரர் போன மாதமே வாக்குக் கொடுத்துவிட்டார். "ஸ்கேன் எடுத்தத வாயத் தொறந்து சொல்லாத. பாக்க நல்லாத்தான இருக்குது" என்கிறார்.

ஜூன் 12
பாயும் மகளும் வந்து செம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து, "அக்கா, இது கடிக்குங்களா?" என்றது.
"கடிக்காது கண்ணு."
அதை மட்டும் சொன்னேன்.

ஜூன் 13
என்ன பொம்பளை நான்?

ஜூன் 14
தோட்டத்துக்கென்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் அடிவாரத்துக்குப் போனேன். பாய் வீட்டுக்குப் பின்னால், செம்பி மேல் தஹ்ஸீன் உட்கார்ந்திருந்தாள். பாய் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்.
"மொதல்ல புள்ளைய எறக்குங்க பாய்."
இறக்கினார். ஸ்கேனில் வந்ததைச் சொன்னேன். பிள்ளையை இடுப்போடு அணைத்தபடியே கேட்டார்: "உங்க ஊட்டுக்காரருக்கு இது தெரியுமா?"
"தெரியாதுங்க. எனக்கு மட்டுந்தான்."
பொய். ஏன் சொன்னேன்?

ஜூன் 15
பாய் செம்பியைத் திருப்பிக் கொண்டுவந்தார். கடிந்து ஒரு வார்த்தை இல்லை. "உங்களுக்குத் தெரியாதுன்னு அவங்க சொன்னாங்க" என்றார் வீட்டுக்காரரிடம். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

ஜூலை 2
வீட்டுக்காரருக்கு இன்னும் என்னோடு பேச்சில்லை. செம்பியின் வயிற்றடியில் நீர் கோத்து வீக்கம். புல் அறுத்துப் போடுவது, நீவிவிடுவது எல்லாம் அவர்தான். என்னைக் கிட்டவே விடுவதில்லை.

ஜூலை 9
காலையில் மேய்ந்த இடத்திலேயே செம்பி சாய்ந்தது. நான் ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது.
அவரே குழி வெட்டினார். மண் ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்து, போனை எடுத்தார்.
"பாய், செம்பி போயிருச்சுங்க... இன்னொன்னு சொல்லோணும். விக்கறப்பவே எனக்கு எல்லாம் தெரியுமுங்க. அவ எனக்காகத்தான் அப்படிச் சொன்னா."
அந்தப் பக்கம் பாய் என்ன சொன்னாரோ, தெரியவில்லை. இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.