மரியான் முழங்காலில போன நாள்

பெரிய வியாழன், 1934

மரியானை இனி அண்ணை எண்டு கூப்பிடமாட்டன்! கூத்தில சிறகு கட்டிச் சம்மனசாய் அவர் பாடேக்க நெடுந்தீவே வாயைப் பிளந்து நிக்கும். அவற்ற பாட்டுகளை இந்தக் கொப்பியில பாத்து எழுதித்தான் எனக்கு எழுத்தே வந்தது. அந்த மனுசன் போன கிழமை கடலில வைச்ச எங்கட மீன்கூட்டைத் தூக்கி மீனைக் களவெடுக்கேக்க பிடிபட்டிட்டார்.

அதுக்குப் பரிகாரமாய் இண்டைக்குக் கோயில் வாசலில இருந்து பீடம் மட்டும் முழங்காலில போனார். சனம் மூக்கை உறிஞ்சுது. "இதுவும் கூத்துத்தான்" எண்டு அக்காவிட்டைச் சொன்னன். "வாயைப் பொத்தடி" எண்டு கிள்ளினா.

பூசை முடிய எங்கட ஐயாவைத் தேடிப் படலைக்கே வந்திட்டார்.

"பிடிபட்டது ஒருநாள், அம்மான். ஆறு மாசமாய்த் தூக்கினனான்."

ஆருக்கும் தெரியாததைத் தானே சொன்னார். அந்த ஆறு மாசமும் ஐயா வெறுங்கூட்டைப் பாத்துத் தன்ர கையிலதான் ராசியில்லை எண்டு புலம்பினவர். நான் விளக்குமாத்தைத் தூக்கினன். ஐயா பறிச்சிட்டார்.

"நாளைக்குப் பெரிய வெள்ளி, கடலுக்குப் போறேல்லை. சனிக்கிழமை வாரும். ரெண்டு பேருமாய்ப் போய்க் கூட்டைத் தூக்குவம்."

மரியான் விக்கி விக்கி அழுதார். அந்தக் குரலில பாட்டே இல்லை. அது கூத்தில்லை எண்டு எனக்கே விளங்குது. விளங்கியும் பத்தி எரியுது.

ஐயா மன்னிச்சிட்டார். பூசை வைக்கிற சுவாமியும் பாவமன்னிப்புக் குடுத்திட்டார். ஞாயிறு பூசையில மரியான் நன்மை அப்பம் எடுப்பார். இந்த மனசோட நான் என்னெண்டு அந்த அப்பத்துக்கு நாக்கை நீட்டுறது? அவற்ற பாட்டுப் பக்கங்களைக் கிழிக்க எடுத்தன். முழுக்க என்ர முதல் எழுத்துகள், கோணல் மாணலாய். கிழிக்க ஏலாமல் கிடக்கு. மன்னிக்கவும் ஏலாமல் கிடக்கு, ஆண்டவரே.