உன் அளவில் ஒரு பெல்ட்

வட கரோலினா, நவம்பர் 1974

அன்புள்ள வெர்லின்,

இந்த வருடத்துச் சாம்பியன் கோப்பை எங்கள் சமையலறை மேசையில் சோளரொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கடைசிப் பந்தயத்தில், பாதி தூரத்திலேயே புகை காருக்குள் ஏறி எனக்குக் கண் இருட்டியது. பாதையோரம் கார்களைச் சரிபார்க்கும் பிட்டில் நிறுத்தினேன். எஞ்சின் வெடித்து முன்பே வெளியேறியிருந்த நீ, கோழிக்காலைக் கடித்தபடி வந்தாய்.

"எறங்குடா தடியா. மீதிய நான் ஓட்டுறேன்."

யார் ஓட்டி முடித்தாலும் சாம்பியன் புள்ளிகள் பந்தயத்தைத் தொடங்கியவனுக்கே என்பது உனக்குத் தெரியாததா?

நான் பயந்து பயந்து திரும்பும் மூன்றாவது வளைவில், சுவரை உரசாமல் உரசி, வேகம் குறைக்காமல் போனாய். "அவன் ஓட்டுறப்பதான் இது காருன்னே தெரியுது," என்றான் என் மெக்கானிக், என் முகத்தைப் பார்த்தே. எனக்குக் கோபம் வரவில்லை.

ஏப்ரலில் உன் கார் சுவரில் மோதியது தற்செயல் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன். என் பம்பர் இடித்துத்தான் மோதினாய் என்பது உனக்கும் தெரியும். அப்படியும் கடைசிப் பந்தயத்தை எனக்காக முடித்து இறங்கி, ஹெல்மெட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாய்.

உன் தொப்பைக்காக என் காரின் சீட் பெல்ட்டை நான்கு விரல் தளர்த்தியிருந்தாய். மெக்கானிக் நேற்று இறுக்கப் போனான். வேண்டாம் என்றேன்.

அடுத்த வருடத்துப் பிப்ரவரிப் பந்தயத்தை என் காரில் நீ தொடங்கு. தேவைப்பட்டால் நான் முடித்துத் தருகிறேன்.

உன் பழைய கூட்டாளி