பப்பாளிச் சிவப்பில் இரண்டாவது வளையம்

1937 பிப்ரவரி 8

இன்றும் பப்பாளி. ஆறு பழத்தைப் பிசைந்து, ஈதரில் கரைத்து, வடித்து, கடைசியில் கிடைத்தது நகக்கண் அளவு சிவப்புத் தூள். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை இறுக்கி நிரப்பி, அதன் கரைசலை ஊற்றினால் ஒரே சிவப்பு வளையம். அதே கரைசலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஊற்றினால் கீழே இன்னொன்று, ஆரஞ்சு நிறத்தில். ஏன்? முதுகு விட்டுப்போகிறது.

பிப்ரவரி 10

புரொபசர் முத்துநாயகம் குழாயைப் பார்த்தார். “சூட்டுல கெட்டுப்போன சாயம். இல்லன்னா ஒங்க கை அழுக்கு, ராஜமணி.” கல்லூரிப் பையன்கள் முன்னால் சொன்னார்.

கெட்டதில்லை. அதே பொருள்தான், அணுக்கள் அமர்ந்திருக்கும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. எப்படி நிரூபிப்பேன்? ஈஸ்டருக்குள் முடியாவிட்டால் பையன்களுக்குச் சோதனை செய்துகாட்டும் இந்த டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை இல்லை. பழையபடி பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு.

பிப்ரவரி 23

ஆரஞ்சு வளையத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கரைத்தேன். மறுபடி குழாயில் விட்டேன். ஒரே வளையம், சுத்தம். மிச்சத்தைக் குப்பியில் அடைத்து இருட்டு அலமாரியில் வைத்தேன். நாளை சூடாக்கி, பழைய சிவப்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 24

போச்சு. நான் சலித்து வைத்திருந்த சுண்ணாம்புத் தூள் முழுவதிலும், கூட்டிப் பெருக்கும் தேவகனி தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

“காஞ்சி கெடந்தா காரம் போயிரும்லா டீச்சரம்மா? ஒங்களுக்கு வெத்தலைக்குன்னு நெனச்சேன்.”

“ஏட்டி, கொன்னுட்டியே!” என்று கத்திவிட்டேன். நல்லது செய்ததாக நினைத்தவள். கத்தியதற்கும் சேர்த்து வருத்தம்.

மார்ச் 9

சிப்பிச் சுண்ணாம்பு நீற்றுகிறேன், காயவைக்கிறேன், சலிக்கிறேன். ஓயாத தும்மல்.

மார்ச் 15

தூள் தயார். சூடாக்கும் முன் குப்பியிலிருந்து கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். மேலே சிவப்பு! கீழே ஆரஞ்சு! சூடே காட்டவில்லை— மூன்று வாரம் சும்மா இருந்தே பாதி பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. கெட்டுப்போனது திரும்புமா? திரிந்த பால் பாலாகுமா?

மார்ச் 24

புரொபசர் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து பார்த்தார். அதே பையன்கள் முன்னால், “ராஜமணி சொன்னதுதான் சரி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார். தலையைக் குனிந்துகொண்டேன், கண் நிறைந்துவிட்டது. வேலை நிலைத்தது.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “கட்டுரையா எழுதணும்னா, இன்னும் இருபது தடவ செஞ்சு காட்டணும்மா.”

நாளை விடிந்ததும் வடசேரிச் சந்தைக்குப் போக வேண்டும். நூற்றிருபது பப்பாளி.