கதவு தட்டிய ஞாயிறு

மாமி,

இன்றைக்குக் கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருந்த மனுசி யூக்கலிப்டஸ் எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். வெள்ளவத்தை வீட்டில் நீங்கள் படுத்திருந்த அறையின் மணம் அது. இப்போது எனக்கும் உங்களைப்போலவே குனிந்து நிமிர நாரி நோகிறது. மருமகளுக்குச் சீதனமாகத் தந்துவிட்டுப் போனீர்களோ தெரியாது.

டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை. இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அழற்சி கூடக் காட்டுது அம்மா. நாரி நோவும் அதுவும் சேர்ந்தால் வயசுபோன பொம்பிளையள் விழுறதுக்குச் சான்ஸ் கூட. இந்த வருசம் எங்கையும் விழுந்தனீங்களோ?" என்று கேட்டாள். தெஹிவளையிலிருந்து லீவு போட்டு வந்த என் மகள் பக்கத்தில் நின்றாள்.

"இல்லை," என்றேன். நீங்கள் சொன்ன அதே பொய், கொஞ்சமும் தடக்காமல் வந்தது.

அழற்சி என்ற சொல் உங்களுக்குத் தெரியாது. "நாரிக்குள்ளை அடுப்பு மூட்டினமாதிரிக் கிடக்கு பிள்ளை," என்பீர்கள். வயது போனால் அப்படித்தான் என்று எண்ணெய்ப் போத்தலை நீட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். முதல் தரம் விழுந்தபோது முழங்கை கன்றிப்போயிருந்தது. கதவில் இடித்தது என்றீர்கள். இரண்டாம் தரம் நானே தூக்கிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குச் சொல்லிப்போடாதை. ஆசுபத்திரி எண்டு என்னைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சால் எந்தச் செக்பொயின்ரிலையாவது அவனை மறிச்சு வைச்சிடுவாங்கள்," என்றீர்கள். உங்கள் மகனை நினைத்துப் பயந்தது நீங்கள் மட்டுமா? நானும் வாய் திறக்கவில்லை.

சண்டை நடந்த அந்த நாட்களில் எங்கள் எல்லாருடைய காதும் கதவிலேயே இருந்தது. ஆமி சோதனைக்கு வந்தால் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டுமாக முன்னறையில் நிற்கவேண்டும். ஒருமுறை நீங்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து வரச் சுணங்கியபோது, உள்ளே யாரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் அதட்டிக்கொண்டு ஓர் ஆமிக்காரன் அறைக்குள் போனான். உங்களைக் கண்டதும் திரும்பிவிட்டான். எனக்குத்தான் அதற்குப் பிறகு நெஞ்சு ஆறவில்லை. கதவு தட்டினால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் மகன் வீட்டில் நின்றார். நீங்கள் குளியலறையில். கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"மாமி, கெதியா வாங்கோ! கெதியா!" என்று அவசரப்படுத்திக் கத்தினேன்.

வாளி உருண்ட சத்தம் கேட்டது. பிறகு நீங்கள் விழுந்த சத்தம். இரண்டையும் கேட்டேன் மாமி. கேட்டுவிட்டும் கதவுப் பக்கம்தான் ஓடினேன்.

வெளியே மேல்வீட்டு மனுசி வெறும் வாளியோடு நின்றார். "உங்கடை பைப்பிலை தண்ணி வருதோ?"

நான் ஓடி வந்தபோது ஈரத்தரையில் கால் திரும்பிக் கிடந்தீர்கள்.

"ஆர் வந்தது? அவன் எங்கை?"

"அவர் முன்னுக்கு நிக்கிறார் மாமி. மேல்வீட்டு அக்கா, தண்ணி வருதோ எண்டு கேக்க வந்தவ."

"அப்பாடா," என்றீர்கள். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர் சொன்ன சொல் அது.

உங்கள் மகன்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் ஒருவரும் அவரை மறிக்கவில்லை. நீங்கள் பிறகு எழும்பி நடக்கவேயில்லை. நாலு மாதத்தில் போய்விட்டீர்கள். உங்களை விட்டுக் கதவுக்கு ஓடியதை அவர் கண் மூடும்வரை நான் அவருக்குச் சொல்லவில்லை. உங்களிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

இன்றைக்குக் கிளினிக் வாசல்வரை வந்துவிட்டேன். மகள் ஓட்டோவை மறித்துவிட்டு, "அம்மா, கெதியா வாங்கோ!" என்று கூப்பிட்டாள். என் கால் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி டொக்டரின் அறைக்குப் போனேன். மகளும் பின்னால் ஓடி வந்தாள்.

"பிள்ளை, நான் பொய் சொல்லிப்போட்டன். ரெண்டு தரம் விழுந்தனான். குசினியிலை சமைக்கேக்கை ஒருக்கா, படியிலை ஒருக்கா."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்று மகள் அழுதே விட்டாள்.

"நீ பயப்பிடுவாய் எண்டுதான்," என்றேன். சொல்லும்போதே உங்கள் குரல்தான் என் காதில் கேட்டது.

நாளைக்குக் குளியலறையில் கைபிடி பூட்ட ஆள் வருகிறான். பயம் மட்டும் போகவில்லை. இப்போதும் கதவு மணி அடித்தால் எனக்கு முதல் என் கால் ஓடப் பார்க்கிறது. அப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வெறும் வீட்டில் வாய்விட்டுச் சொல்கிறேன்:

"மெதுவா வாங்கோ மாமி. ஆரெண்டாலும் நிக்கட்டும்."