துளை மாறிய அட்டைகள்

ஜூன் 3

அன்பு மருமகளுக்கு,

உன் துணிப் பொம்மைகளில் தொங்கவிட அட்டைகள் தயார். சட்டை வந்த பெட்டிகளை வெட்டி, ஓரம் மழுக்கி, மேலே துளை போட்டு, சிவப்பு நூல் கோத்திருக்கிறேன். ‘கையால் தைத்தது. கண்ணைப் பிடுங்கினால் திரும்பத் தைத்துத் தரப்படும்’ என்ற வாசகம் என் சொந்தச் சரக்கு. சிரிக்காதே. பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஓய்வெடுக்கச் சொன்னார். “என் மருமக கம்பெனியில அட்டை இலாகாவே நான்தான்யா”ன்னு சொல்லிட்டேன்.

என் மகன் போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் உன் கடிதத்தில் சாப்பாட்டுப் பேச்சே வருவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மாமா

ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

அட்டைகள் வந்தன. வாசகத்தைப் படித்துவிட்டு, பொம்மைகளை வாங்கி விற்கிற கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை கொஞ்சம் சின்னதாக வெட்டுங்கள். முயல்குட்டி அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இன்னொன்று. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதை அனுப்புகிறேன். என் தையல் மெஷினைப் பழுது பார்க்க வருகிறவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நல்ல மனிதர். எனக்கும் பிடித்திருக்கிறது மாமா. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு நான் யாராக வருவேன்? உங்கள் மனம் கோணுமென்றால் எனக்கு இது வேண்டாம். உங்களை விட்டுவிட என்னால் முடியாது.

உங்கள்
மருமகள்

ஜூன் 27

அன்புள்ள மாமாவுக்கு,

பார்சல் வந்தது. உதறிப் பார்த்தேன், கடிதம் இல்லை.

அட்டைகளைச் சின்னதாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றிலும் துளை கீழ்ப்பக்கம் விழுந்திருக்கிறது. முயலுக்கு மாட்டிப் பார்த்தேன், எழுத்து தலைகீழாகத் தொங்குகிறது. காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் குத்திய கை உங்களுடையது. அது தவறுமா? உங்கள் மனசு புரிந்துவிட்டது. அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கோபம் இல்லை மாமா. மாத்திரையை மறக்காதீர்கள். அட்டை வெட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள்
மருமகள்

ஜூலை 2

அடி அசடே,

என்ன காரியம் செய்தாய்! என் மகன் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்து துளை போட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அட்டையில் மேல் எது, கீழ் எது என்று யார் கண்டது? அவனை நினைத்துத்தான் அழுதேன். அவன் இருந்திருந்தால் நீ இப்படியொரு கடிதம் எழுதவே வேண்டியிருந்திருக்காதே என்று அழுதேன். உன்மேல் எனக்கு என்ன வருத்தம்?

ஆசீர்வாதம் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. சரி, அட்டையாவது முதலில் போகட்டும் என்று கட்டி அனுப்பினேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு என்னைத்தான் நாலு சாத்து சாத்த வேண்டும்.

யாராக வருவேன் என்று கேட்கிறாய். இத்தனை நாள் யாராக வந்தாயோ, அப்படியே வா. கூட ஒருத்தர் வந்தால் இன்னொரு தட்டு வைக்க எனக்குத் தெரியாதா?

அந்த மனிதரிடம் போய் இன்றைக்கே பேசு. வெட்கமாக இருந்தால் விட்டுவிடு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும்படி மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
பெண் வீட்டுக்காரன்